மெய்டன்ஹெட்: பாலங்கள் உண்டாக்கிய ஊர்

கேள்வி இது: "கணவருக்கு லண்டன் பேடிங்டன் பக்கம் வேலை. மெய்டன்ஹெட்டில் வீடு எடுக்கலாம் என்று இருக்கிறோம். விசாரித்தால், 'ராத்திரி படுக்க மட்டும் போகிற ஊர், பார்க்க ஒன்றும் கிடையாது' என்கிறார்கள். உண்மையிலேயே அந்த ஊருக்கு வரலாறு என்று எதுவும் இல்லையா? சனி, ஞாயிறுகளில் குழந்தைகளோடு எங்கே போவது?"

தாராளமாக வீடு எடுங்கள். வரலாறும் உண்டு, போக இடமும் உண்டு. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் ரயில் நிலையத்தையும் கடைத்தெருவையும் மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். இந்த ஊரை ஆற்றங்கரையில் இருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

மெய்டன்ஹெட்டில் கோட்டை இல்லை, பேராலயம் இல்லை, பழைய பல்கலைக்கழகம் இல்லை. சில மைல் தள்ளி விண்ட்சர் கோட்டை இருப்பதால் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அங்கே போய்விடுகின்றன. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில் சுமார் 70 ஆயிரம் பேர் வாழும் ஊர். காலையில் பெரும் கூட்டம் லண்டனுக்கு ரயில் ஏறும், மாலையில் திரும்பி வரும். ஆனால் மேலோட்டமாகத் தெரிகிற இந்தச் சங்கதிதான் ஊரின் வரலாறும். எங்கோ போய்க்கொண்டிருந்தவர்கள் தேம்ஸ் நதியைக் கடக்க வேண்டிய இடம் இது. அதனாலேயே இங்கே ஓர் ஊர் முளைத்தது. கடக்கும் வழி ஒவ்வொரு முறை மாறியபோதும் ஊரும் மாறியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

13-ம் நூற்றாண்டுக்கு முன்னால் லண்டனில் இருந்து மேற்கே போகிறவர்கள் வடக்கே குக்கம் கிராமத்தின் பக்கம் ஆற்றைக் கடந்தார்கள். 1280 வாக்கில் இங்கே ஒரு மரப்பாலம் வந்தது. சாலை அப்படியே தெற்கே நகர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. பாலத்தை ஒட்டிப் படகுத்துறை, துறையை ஒட்டிச் சத்திரங்கள், சத்திரங்களை ஒட்டிக் கடைகள் என்று ஊர் வளர்ந்தது. ஊரின் பெயரில் இருப்பதும் அந்தப் படகுத்துறைதான். மரப்பாலம் ஆயிற்றே, அடிக்கடி உளுத்துப்போகும். அதைப் பழுதுபார்க்கவென்றே 15-ம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். நகராட்சி வருவதற்கு முன்னால் ஊருக்கு இருந்த பொது அமைப்பு, பாலத்தைக் காக்க உண்டான அந்தச் சங்கம்தான்.

பாலம் இருக்கும் இடத்தில் சண்டையும் இருக்கும். 1400-ல் மன்னர் நான்காம் ஹென்றிக்கு எதிராகச் சில பிரபுக்கள் கிளம்பினார்கள். சதி வெளிப்பட்டு அவர்கள் மேற்கே ஓடியபோது, துரத்தி வந்த அரசர் படையை இந்தப் பாலத்தில் நிறுத்தி வைத்து மற்றவர்கள் தப்பிக்க அவகாசம் கொடுத்தார் தாமஸ் ஹாலண்ட். பிறகு அவர் பிடிபட்டுத் தலை இழந்தார். 1647-ல் உள்நாட்டுப் போரில் தோற்றுக் கைதியாக இருந்த முதலாம் சார்லஸ், பிரிந்திருந்த தன் பிள்ளைகள் மூவரை ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த கிரேஹவுண்ட் சத்திரத்தில் சந்தித்தார். ஒன்றரை வருடம் கழித்து அவர் தலை வெட்டப்பட்டது. அந்தச் சத்திரம் இன்று இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கடைத்தெருவில் நடக்கும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பெரிய அரசியலின் நடுவே ஓர் அப்பாவும் பிள்ளைகளும் சந்தித்த கதை என்பதால் அவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

18-ம் நூற்றாண்டு இந்த ஊருக்கு நல்ல காலம். லண்டனில் இருந்து பாத், பிரிஸ்டல் நகரங்களுக்குப் போகும் குதிரை வண்டிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் ஓடின. ஊருக்கு மேற்கே மெய்டன்ஹெட் திக்கெட் என்று ஒரு காடு. வழிப்பறிக்காரர்களுக்குப் பேர் போன இடம். இருட்டிய பிறகு அந்தக் காட்டைத் தாண்டப் பயந்து பயணிகள் இங்கேயே இரவு தங்கினார்கள். சத்திரக்காரர்களுக்கு அதுவும் வருமானம்தான். இப்போது அந்தக் காடு, பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் எதிரே வரமாட்டார்கள்.

இன்று நீங்கள் பார்க்கும் கல் பாலம் 1777-ல் திறக்கப்பட்டது. சர் ராபர்ட் டெய்லர் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. கடக்கிற வண்டிகளிடம் சுங்கம் வாங்கினார்கள். பாலம் கட்டிய செலவெல்லாம் எப்போதோ வசூலாகிவிட்ட பிறகும் சுங்கம் நிற்கவில்லை. 120 வருடங்களுக்கும் மேல் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். மக்கள் போராடித்தான் நிறுத்தினார்கள். 1903 அக்டோபர் 31 நள்ளிரவோடு சுங்கம் முடிந்ததும், கூடியிருந்த கூட்டம் சுங்கக் கதவுகளைப் பிடுங்கி ஆற்றில் வீசியது. இன்றும் ஏ4 சாலையின் வாகனங்கள் எல்லாம் அந்தப் பாலத்தின் மேல்தான் போகின்றன. நெரிசல் நேரத்தில் காரில் சிக்கிக்கொண்டால் அதன் அழகு தெரியாது. கரையில் இறங்கி நின்று அதன் வளைவுகளைப் பாருங்கள்.

இப்போது ரயில் பாலத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மெய்டன்ஹெட்டில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இங்கேதான் அனுப்புவேன்.

லண்டனில் இருந்து பிரிஸ்டலுக்குக் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதை போட்டவர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல். அவருக்கு அப்போது முப்பது வயது சுமார். பாதை கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். லண்டனை ஒட்டிய இந்தப் பகுதியில் மைலுக்கு 4 அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்று வைத்துக்கொண்டார். இஞ்சினுக்குச் சுமை குறையும், வேகம் கூடும். ஆனால் ஆற்றைக் கடக்கும் இடத்தில் இது சிக்கலாகிவிட்டது. நதியை நிர்வகித்தவர்களோ படகுகளும் பாய்மரங்களும் போக உயரமும் அகலமும் வேண்டும் என்றார்கள். பாலத்தை உயர்த்தினால் பாதை மேடேறும். ஆற்றுக்குள் தூண்களை வரிசையாக நட்டால் படகுப் போக்குவரத்து கெடும்.

புரூனெல் கண்ட வழி: ஆற்று நடுவில் இருந்த சின்னத் திட்டின் மேல் ஒரே ஒரு தூண். அதன் இருபுறமும் ஒவ்வொரு பெரிய செங்கல் வளைவு. ஒவ்வொன்றும் 128 அடி அகலம், உயரமோ வெறும் 24 அடி. செங்கல் வளைவு என்றால் அரைவட்டமாக எழும்பி நிற்கும் என்றுதான் அதுவரை எல்லாரும் பழகியிருந்தார்கள். வளைவு எவ்வளவு தட்டையாகிறதோ அவ்வளவுக்கு அதன் எடை பக்கவாட்டில் தள்ளும், செங்கற்களுக்கு இடையே அழுத்தம் ஏறும். இவ்வளவு அகலத்தில் இவ்வளவு தட்டையாகச் செங்கல்லால் அதற்கு முன்னால் யாரும் கட்டியதில்லை. முதல் ரயில் ஏறியதும் விழுந்துவிடும் என்று பத்திரிகைகளிலும் கம்பெனியின் கூட்டங்களிலும் எதிர்ப்பாளர்கள் பேசினார்கள்.

அவர்களுக்கு ஏற்றாற்போல் ஒரு சம்பவமும் நடந்தது. 1838-ல் வளைவுக்குக் கீழே இருந்த மரச் சென்டரிங்கைத் தளர்த்தியபோது கிழக்கு வளைவில் செங்கல் அடுக்குகள் சற்றுப் பிரிந்தன. கலவை நன்றாக இறுகுவதற்கு முன்னாலேயே தளர்த்திவிட்டதுதான் காரணம். ஒப்பந்தக்காரர் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு அந்தப் பகுதியைச் சரிசெய்து கொடுத்தார். அதன் பிறகு புரூனெல் சென்டரிங்கைச் சற்றே இறக்கிவிட்டு, முழுதாகப் பிரிக்காமல் அப்படியே நிறுத்தி வைத்தார். பாலத்தை அந்த மரங்கள்தான் தாங்குகின்றன என்று எதிர்ப்பாளர்கள் விடாமல் சொன்னார்கள். பிறகு ஒரு புயலில் மரச் சட்டங்கள் மொத்தமும் பிடுங்கிக்கொண்டு போயின. பாலம் அசையவில்லை. உண்மையில் அதற்கு முன்பே அது தன் காலில்தான் நின்றுகொண்டிருந்தது.

1839 ஜூலையில் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம், 1838 ஜூன் 4 அன்று, பேடிங்டனில் இருந்து கிளம்பிய கிரேட் வெஸ்டர்னின் முதல் ரயில்கள் ஆற்றுக்கு அந்தக் கரையில், டேப்லோ பக்கத்திலேயே நின்றுவிட்டன. பாலம் தயாராகாததால் அதுதான் அப்போதைய 'மெய்டன்ஹெட்' நிலையம். 1890-களில் இரண்டு தடங்களை நான்காக்க வேண்டி வந்தபோது, பழைய வளைவுகளின் அதே வடிவத்தில் இருபக்கமும் பாலத்தை அகலப்படுத்தினார்கள். இன்று 200 கிலோமீட்டர் வேகத்தில் ரயில்கள் போகின்றன. 1830-களின் செங்கல் இன்னும் தாங்குகிறது. 2012-ல் முதல் தர வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

கரையோர நடைபாதை இந்தப் பாலத்தின் ஒரு வளைவுக்கு அடியிலேயே போகும். அங்கே நின்று கைதட்டினால் எதிரொலி அடுக்கடுக்காகத் திரும்பி வரும். ஊர்க்காரர்கள் அதை 'சவுண்டிங் ஆர்ச்' என்பார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

ஓவியத்தில் ஆர்வம் உண்டென்றால் இன்னொன்று. ஜே.எம்.டபிள்யூ. டர்னர் 1844-ல் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்' என்ற ஓவியத்தில் இருப்பது இந்தப் பாலம்தான். மழைத் திரைக்குள் இருந்து கறுப்பாக ஓர் இஞ்சின் நம்மை நோக்கி வரும். தண்டவாளத்தில் அதற்கு முன்னால் ஒரு முயல் ஓடும். இடப்புறம் மங்கலாகத் தெரிவது மேலே சொன்ன 1777-ம் வருடக் கல் பாலம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, கட்டணம் இல்லை. முதலில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பாலத்துக்குப் போவதைவிட, பாலத்தைப் பார்த்துவிட்டு ஓவியத்தைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. வளைவின் தட்டையைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேகத்தின் அர்த்தம் புரியும்.

ரயில் வந்ததும் குதிரை வண்டிகள் சில வருடங்களிலேயே மறைந்தன. சத்திரங்கள் காலியாயின. ஊர் படுத்துவிடும் போலிருந்தது. அதே ரயில்தான் ஊரைத் தூக்கியும் விட்டது. லண்டனில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றங்கரை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மெய்டன்ஹெட் படகுச் சவாரிக்காரர்களின் தலைநகரம் ஆயிற்று. கூட்டம் கூடும் இடம் போல்டர்ஸ் லாக். லாக் என்பது ஆற்றின் மட்டம் தாழும் இடத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் அமைப்பு. இங்கே வித்தியாசம் சுமார் 8 அடி. அஸ்காட் குதிரைப் பந்தயம் முடிந்த மறு ஞாயிறு, 'அஸ்காட் சண்டே', இந்த லாக்கில் நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருக்கும். படகில் இருப்பவர்கள் போட்டிருக்கும் உடைகளை வேடிக்கை பார்க்கவே கரையில் ஆயிரக்கணக்கில் நிற்பார்கள். எட்வர்ட் ஜான் கிரிகரி என்ற ஓவியர் பல வருடம் உழைத்து இந்தக் காட்சியை ஒரு பெரிய ஓவியமாக வரைந்தார். அது இப்போது லிவர்பூல் அருகே போர்ட் சன்லைட்டில் உள்ள லேடி லீவர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் பகட்டும் வந்தது, கெட்ட பெயரும் வந்தது. கல் பாலத்தின் மறு கரையில் ஸ்கிண்டில்ஸ் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. லண்டனின் பணக்காரர்களும் ராணுவ அதிகாரிகளும் யாருக்கும் தெரியாமல் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் வரும் இடம். "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லை மெய்டன்ஹெட்டில் வாழ்கிறீர்களா?" என்று லண்டனில் கேலி பேசும் அளவுக்குப் போயிற்று. கார் வந்த பிறகு மக்கள் இன்னும் தூரம் போக ஆரம்பித்தார்கள், ஆற்றங்கரைக் கூட்டம் குறைந்தது. ஸ்கிண்டில்ஸ் நின்ற இடத்தில் இப்போது ஆற்றைப் பார்த்த அடுக்குமாடி வீடுகள். லாக் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கோடையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து படகுகள் ஏறி இறங்குவதைப் பாருங்கள். கதவு எப்படித் திறக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. பக்கத்தில் ரே மில் தீவு என்று ஒரு பூங்கா. முன்பு மாவு ஆலை இருந்த இடம். சாப்பாடு கட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

ஆற்றங்கரை வீடு என்று கேட்டதும் வெள்ளம் நினைவுக்கு வர வேண்டும். 1947 மார்ச்சில் பனி உருகி வந்த வெள்ளம் ஊருக்குள் புகுந்து தெருக்களில் படகு விட்டார்கள். நெடுநாள் யோசித்து, போல்டர்ஸ் லாக்குக்குச் சற்று மேலே பிரிந்து விண்ட்சருக்குக் கீழே மறுபடி தேம்ஸில் சேரும்படி சுமார் 11.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு செயற்கை ஆறே வெட்டினார்கள். 2002-ல் முடிந்த அதற்கு ஜூபிலி ரிவர் என்று பெயர். அடுத்த வருடமே பெருவெள்ளம் வந்தது, மெய்டன்ஹெட் தப்பியது. ஆனால் தங்கள் பக்கம் தண்ணீர் கூடுதலாக வந்துவிட்டது என்று கீழே உள்ள டாட்செட், ரேய்ஸ்பரி ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டார்கள். 2014 வெள்ளத்திலும் அதே மனக்குறை எழுந்தது. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஒரு திட்டத்தை அளக்கும்போது அது முடியும் இடத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். எப்படியும், ஆற்றை ஒட்டி வீடு எடுப்பதானால் அந்த முகவரிக்கு வெள்ள அபாயம் எவ்வளவு என்று அரசாங்க இணையதளத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். ஜூபிலி ரிவர் கரை சைக்கிள் ஓட்டப் பிரமாதம், பறவைகளும் நிறைய.

சரி, ரயில் நிலையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள், அதற்கும் பதில் உண்டு. மூன்றாவது நடைமேடையில் ஒரு வெண்கலச் சிலை. ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். அவர் சர் நிக்கலஸ் வின்டன். 1938 கடைசியில் பனிச்சறுக்கு விளையாடப் போகவேண்டிய 29 வயது லண்டன் பங்குத் தரகர், ஒரு நண்பர் கூப்பிட்டார் என்று பிராகா நகருக்குப் போனார். ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரம். அகதி முகாம்களில் பெரும்பாலும் யூதக் குழந்தைகள். அவரும் அங்கேயே தங்கி வேலை செய்த டோரீன் வாரினர், டிரெவர் சாட்விக் போன்றவர்களும் சேர்ந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் பிரிட்டனில் ஒரு வளர்ப்புக் குடும்பமும் உத்தரவாதப் பணமும் விசாவும் ஏற்பாடு செய்து ரயில்களில் அனுப்பினார்கள். 669 குழந்தைகள் பிழைத்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டிய கடைசி ரயிலில் சுமார் 250 பேர் இருந்தார்கள். அன்றுதான் போர் தொடங்கியது, ரயில் கிளம்பவே இல்லை.

வின்டன் இதைப் பெரிதாக யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. 1988-ல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில்தான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. பல பத்தாண்டுகள் அவர் மெய்டன்ஹெட்வாசி. முதியோர் இல்லங்களுக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்குமான தொண்டு அமைப்புகளில் உழைத்தார். 2015-ல் 106 வயதில் இறந்தார். சிலை 2010-லேயே, அவர் இருக்கும்போதே வைத்தார்கள். ரயில் நிலையத்தில் வைத்தது மிகவும் பொருத்தம். தினமும் ரயிலுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்களோ தெரியாது. உங்கள் கணவரை முதல் நாளே ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே யார்க் ரோடு கால்பந்து மைதானம். மெய்டன்ஹெட் யுனைடெட் 1871-ல் இருந்து இங்கே ஆடுகிறது. ஒரே அணி இடைவிடாமல் பயன்படுத்திவரும் உலகின் மிகப் பழைய மைதானம் என்று பெயர். எஃப்.ஏ. கோப்பை முதன்முதலாக நடந்த 1871-72 பருவத்தில் இந்த அணி கலந்துகொண்டு, பக்கத்து ஊர் மார்லோவை 2-0 என்று வென்றது. பெரிய கிளப்புகளின் டிக்கெட் விலையைப் பார்த்து மிரண்டிருக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சனிக்கிழமை ஆட்டம் நல்ல அறிமுகம்.

அப்புறம் மெய்டன்ஹெட் ஹெரிடேஜ் சென்டர். சின்ன அருங்காட்சியகம். நான் வலியுறுத்திச் சொல்வது அதில் உள்ள ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலியரி பகுதியை. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலையில் இருந்து விமானப்படைத் தளங்களுக்குப் போர் விமானங்களை ஓட்டிப் போய்ச் சேர்த்த அமைப்பு அது. தலைமையகம் ஊருக்குத் தென்மேற்கே வைட் வால்தம் விமான தளம். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விமானங்களைக் கொண்டு சேர்த்தார்கள். விமானிகளில் 150-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். வானொலித் தொடர்பு இல்லாமல், அதுவரை தொட்டே பார்க்காத ரக விமானத்தைக் கூட, ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஓட்டினார்கள். 1943-ல் அவர்களுக்கு ஆண் விமானிகளுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது. அந்தக் காலத்தில் மிக அபூர்வம். பெண் குழந்தை இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை ஓட்டுவது போன்ற சிமுலேட்டரும் வைத்திருக்கிறார்கள். திறக்கும் நாட்களை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே என்றால் மூன்று திசைகள்.

தெற்கே பிரே கிராமம். ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்பதற்கு ஆங்கிலேயர்கள் காட்டும் உதாரணம் இந்த ஊர்ப் பாதிரியார்தான். 16-ம் நூற்றாண்டில் அரசர் மாறும்போதெல்லாம் நாட்டின் மதமும் கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்று மாறியது. அவரும் கூடவே மாறினார், பதவி மட்டும் போகவில்லை. இன்று பிரேவின் புகழ் சாப்பாட்டால். வாட்டர்சைட் இன், ஃபேட் டக் இரண்டும் மிஷலின் உணவக வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்ற உணவகங்கள். இத்தனை சின்னக் கிராமத்தில் இப்படி இரண்டு இருப்பது எங்கேயும் அபூர்வம். விலை உண்மையிலேயே மிக அதிகம், பல வாரங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். அங்கே சாப்பிடாவிட்டாலும் 17-ம் நூற்றாண்டின் செங்கல் தர்ம வீடுகளையும் பழைய தேவாலயத்தையும் சுற்றி நடக்கலாம்.

ஆற்றுக்குக் கிழக்கே டேப்லோ, அதற்கு மேலே கிளிவ்டன். டேப்லோவில் ஒரு புதைமேடு இருக்கிறது. 1883-ல் தோண்டியபோது 7-ம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் தலைவன் ஒருவனின் தங்க வார்ப்பூட்டு, குடிகொம்புகள், ஆயுதங்கள் எல்லாம் கிடைத்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1939-ல் கிழக்கு இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தின் புதைமேட்டுப் புதையல் கண்டுபிடிக்கப்படும்வரை இந்த வகையில் இதுதான் நாட்டிலேயே பெரிய புதையல். கிளிவ்டன் மாளிகையோ இரண்டு முறை எரிந்து, 1851-ல் மூன்றாம் முறையாக எழும்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர் நான்சி ஆஸ்டர் வாழ்ந்த வீடு. 1961-ல் இங்கே நீச்சல்குளத்தருகே அமைச்சர் ஜான் புரொஃப்யூமோவும் மாடல் அழகி கிறிஸ்டின் கீலரும் சந்தித்ததில் தொடங்கிய விவகாரம் 1963-ல் அமைச்சரின் பதவியையே பறித்தது. மாளிகை இப்போது ஹோட்டல், தோட்டங்கள் நேஷனல் டிரஸ்டிடம். குடும்பமாக இங்கேயே வாழப் போகிறவர்கள் என்பதால் நேஷனல் டிரஸ்ட் குடும்ப உறுப்பினர் அட்டை எடுத்துவிடுங்கள். கிளிவ்டனுக்கு நாலு முறை போனாலே காசுக்குப் பயன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, வடக்கே குக்கம். போல்டர்ஸ் லாக்கில் இருந்து தேம்ஸ் பாதையில் வடக்கே சுமார் மூன்று மைல். எதிர்க்கரையில் கிளிவ்டன் காடு ஆற்றின் மேல் சுவர் போல நிற்கும். அக்டோபர் கடைசியில் இலை நிறம் மாறும்போது போனால் தேம்ஸின் மிக அழகான பகுதி இதுவென்று நீங்களும் சொல்வீர்கள். குக்கம், ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சரின் ஊர். 1891-ல் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தவர். பைபிளில் வரும் காட்சிகள் எல்லாம் குக்கம் தெருவிலும் கல்லறைத் தோட்டத்திலும் படகுத்துறையிலும் நடப்பதாகவே வரைந்தார். தன் ஊரே சொர்க்கம் என்று அவர் உளமார நம்பினார். ஒரு பழைய குழந்தை வண்டியில் வண்ணங்களையும் திரையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருவில் போவார். அவர் சிறுவயதில் குடும்பத்தோடு போன மெதடிஸ்ட் தேவாலயமே இப்போது ஸ்டான்லி ஸ்பென்சர் கலைக்கூடம். அந்த வண்டியும் அங்கே இருக்கிறது.

ஜூலை மூன்றாவது வாரத்தில் குக்கம் வழியாக 'ஸ்வான் அப்பிங்' படகுகள் வரும். ஆற்றில் உள்ள அன்னங்களைப் பிடித்து எண்ணி, உடல்நிலை பார்த்து விடுவார்கள். மன்னரின் ஆட்களும் வின்ட்னர்ஸ், டையர்ஸ் என்ற இரண்டு பழைய லண்டன் வணிகச் சங்கங்களின் ஆட்களும் சிவப்பு, நீல, வெள்ளைச் சீருடைகளில் துடுப்புப் போட்டு வருவார்கள். முன்பு சாப்பாட்டுக்காக அன்னங்களைப் பங்கிட்ட வழக்கம், இப்போது பறவைகளின் நலனுக்கான கணக்கெடுப்பாகிவிட்டது. எந்த நாள் எந்த ஊர் என்பதை அரச குடும்பத்தின் இணையதளத்தில் போடுவார்கள்.

போக்குவரத்து கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் எலிசபெத் லைன் ரயில்கள் லண்டனின் நடுவே சுரங்கப்பாதை வழியாக நேரே ஓடத் தொடங்கின. பேடிங்டனில் மாறாமல் கிழக்கு லண்டனின் அலுவலகப் பகுதியான கேனரி வார்ஃப் பக்கத்துக்கெல்லாம் போகலாம். வங்கி அட்டையைத் தட்டினால் போதும். இது எல்லா ஊரிலும் நின்று வரும். பேடிங்டனுக்கே போகிறவர்களுக்கு கிரேட் வெஸ்டர்னின் வேக ரயில் பாதி நேரத்தில் கொண்டு சேர்க்கும், ஆனால் மெய்டன்ஹெட்டில் நிற்கும் வேக ரயில்கள் குறைவு, நேரம் பார்த்து ஏற வேண்டும். இந்தப் புது ரயிலால் நகர மையத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. வீட்டு விலையும் வாடகையும் அதற்கேற்ப. சில கட்டுமானங்கள் ஆற்றுக் கிளையான யார்க் ஸ்ட்ரீமுக்கு ரொம்பவே நெருக்கமாக வந்துவிட்டன என்பது என் குறை. அதே நேரம், புதர் மண்டிக் கிடந்த அந்தக் கால்வாயைத் தன்னார்வலர்கள் பல வருடம் பாடுபட்டுத் தண்ணீர் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் தருகிறேன். நிலையத்தில் வின்டன் சிலை, அங்கிருந்து கால் மணி நேரம் கிழக்கே நடந்தால் ஆறு. முதலில் ரயில் பாலத்தின் அடியில் எதிரொலி, அப்படியே கரையோரம் வடக்கே கல் பாலம், போல்டர்ஸ் லாக், ரே மில் தீவில் மதியச் சாப்பாடு. குழந்தைகளுக்குத் தெம்பிருந்தால் குக்கம் வரை நடந்துவிடுங்கள். திரும்ப நடக்க வேண்டாம், குக்கம் நிலையத்தில் இருந்து மார்லோ கிளைப் பாதை ரயில் மெய்டன்ஹெட்டுக்கே வரும். மணிக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழை பெய்த மறுநாள் கரைப்பாதை சேறாக இருக்கும், தள்ளுவண்டி வேண்டாம்.